'லிங்க' என்பது 'லைங்கிக' ஆன வாக்குமூலத்தைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
நா. சுலோசனா (வயது 47),
க/பெ. நாராயணஸ்வாமி,
ரவிக்கை தைப்பவர்,
மார்க்கெட் பின்தெரு, தேவராஜ மொஹல்லா,
மைசூர்.

பெறுநர்:
உயர்திரு டெபுடி கமிஷனர் அவர்கள்,
மைசூர் மாவட்டம், மைசூர்.

பொருள்: காவல் நிலையத்தில் என்னிடம் பெற்ற வாக்குமூலத்தில் ஒரு சொல் தவறாக எழுதப்பட்டதும், அதனால் என் மகள் மேதாவுக்கு பி.ஏ. இறுதித் தேர்வு எழுதும் அனுமதி மறுக்கப்பட்டதும் தொடர்பாக.

பார்வை: 1. என் வாக்குமூலம், நாள் 20.2.1999. 2. கல்லூரி முதல்வரின் உத்தரவு, நாள் 8.3.1999.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தமிழில் எழுதுவதற்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. கன்னடம் பேசுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வாசிக்கத் தெரியாது. பஸ்ஸின் பலகையைக்கூட எண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வேன். குறை தீர்க்கக் கோரும் மனுவை இந்நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்வதாக என் மகள் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஆசிரியை பிரதிபா எழுதிக் கொடுத்த கன்னடப் பிரதியும் இத்துடன் உள்ளது.

2. என் ஒரே மகள் மேதாவுக்கு வயது இருபத்தொன்று. சரித்திரம் படிக்கிறாள். இறுதி ஆண்டுக் கட்டுரைக்கு 'உலகில் பெண்களின் நிலை' என்ற தலைப்பை அவளே கேட்டு வாங்கினாள். கல்லூரி நூலகத்தில் அதற்கு இருந்தவை இரண்டு புத்தகங்கள்; இரண்டும் அவள் பிறப்பதற்கு முன் அச்சானவை. ஆகவே எங்கள் தெருவிலிருந்து நான்கு கடை தள்ளி மஞ்சுநாத் என்பவர் நடத்தும் இன்டர்நெட் மையத்துக்கு சனிக்கிழமைதோறும் போய்வந்தாள். அங்கே கம்ப்யூட்டரில் தேடிக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவருவாள். நான் தைத்துக்கொண்டிருப்பேன், அவள் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். நியூசிலாந்தில் பெண்களுக்கு 1893லேயே வாக்குரிமை வந்ததாம். சுவிட்சர்லாந்தில் 1971 வரை தேசியத் தேர்தலில் வாக்கு இல்லையாம். 1971 எனக்குத் திருமணமான வருடம். அவ்வளவு பணக்கார தேசத்திலும் அதுவரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார்களா என்று கேட்டேன். "கேட்டுக்கிட்டே இருந்ததாலதாம்மா வந்துது" என்றாள். அந்தச் சனிக்கிழமைகளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

3. 20.2.1999 சனிக்கிழமை மாலை நான்கு மணியளவில், அந்த மையத்தில் சில இளைஞர்கள் ஆபாசப் படம் பார்ப்பதாக வந்த புகாரின்பேரில் காவலர்கள் சோதனை நடத்தினர். உள்ளே ஆறு ஆண்களும் என் மகளும் இருந்தனர். ஆண்களின் பெயர், முகவரி எழுதிக்கொண்டு அங்கேயே அனுப்பிவிட்டனர். பெண்பிள்ளை என்பதால் 'பாதுகாப்புக்காக' என் மகளை மட்டும் நிலையத்துக்கு அழைத்துச் சென்றனர். அவள் கையிலிருந்த பதினான்கு தாள்களும், மையத்தின் வருகைப் பதிவேடும் எடுத்துக்கொள்ளப்பட்டன. தாள்களில் முதலாவது, ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற ஜனத்தொகைக் கணக்கு. அதற்கு ஆங்கிலத்தில் 'செக்ஸ் ரேஷியோ' என்று பெயர். நிலைய எழுத்தர் முதல் சொல்லோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

4. தகவல் தெரிந்து நான் ஓடினேன். கழுத்தில் அளவெடுக்கும் இஞ்ச் டேப்போடு போயிருக்கிறேன் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எழுத்தர் கன்னடத்தில் ஒரு தாள் எழுதி, வேகமாக வாசித்து, "கையெழுத்துப் போட்டுட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கம்மா, இது சும்மா ஃபார்மாலிட்டி" என்றார். நான் தமிழில் கையெழுத்திட்டேன். மேதா பத்தடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட, பிரதிபாவைவிட, ஒருவேளை அந்த எழுத்தரைவிடவும் நன்றாகக் கன்னடம் வாசிக்கத் தெரிந்தவள் அவள். அந்தத் தாளை அவளிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

5. தவறு இதுதான். மையத்தின் பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் மேதா தன் கையால் கன்னடத்தில் 'லிங்க சமானதெ' குறித்த படிப்பு என்று எழுதியிருந்தாள். ஆணும் பெண்ணும் சமம் என்பதற்குக் கன்னடத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். பாடப்புத்தகத்திலும் அதுவே உள்ளது. என் வாக்குமூலத்தில் அது 'லைங்கிக' ஆகி, என் மகள் 'லைங்கிக விஷயங்களைப் பார்க்க' அங்கே போனாள் என்று மாறியிருக்கிறது. அதற்கு உடலுறவு சம்பந்தமான விஷயங்கள் என்று பொருள். எழுத்தில் பார்த்தால் முதலெழுத்தின் சுழி ஒன்று மாறியிருக்கிறது, நடுவில் ஒரு சுழி சேர்ந்திருக்கிறது, கடைசியில் ஓரெழுத்து கூடியிருக்கிறது. எழுத்தர் வாய்விட்டு வாசித்தபோது எதைச் சொன்னார் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. என் காதில் 'லிங்க' என்றுதான் விழுந்தது. அவர் வேண்டுமென்றே எழுதினார் என்றும் நான் கூறவில்லை.

6. அந்த வாக்குமூலத்தின் நகல் கல்லூரிக்குப் போனது. 8.3.1999 அன்று கல்லூரியில் மகளிர் தின விழா. கோலப்போட்டி நடந்துகொண்டிருக்கையில் என் மகளை அலுவலக அறைக்கு அழைத்து உத்தரவைக் கையில் கொடுத்தனர். ஒழுக்கக்கேட்டின் காரணமாக ஹால் டிக்கெட் வழங்கப்படாது என்றும், 'மாணவியின் தாயாரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார்' என்றும் அதில் இருந்தது. மேதா வீட்டுக்கு வந்து அந்த வரியையும், உடன் இணைத்திருந்த வாக்குமூல நகலையும் எனக்கு வாசித்துக் காட்டி, பதிவேட்டில் தான் எழுதியதையும் சொன்னாள். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள். அதன்பின் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

7. மனுவில் உண்மையை மறைக்கக் கூடாது. அவளிடம் ஏன் கேட்கவில்லை என்று என்னை நானே பலமுறை கேட்டுவிட்டேன். நிலையத்தில் அத்தனை பேர் அவளைப் பார்த்த பார்வையைக் கண்டதும், ஒருவேளை இருக்குமோ என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன். பெற்றவளே நினைத்தால் மற்றவர்களை என்ன சொல்வது? அந்த ஒரு நிமிடத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கும் அது தெரியும்.

8. என் கணவர் ரயில்வே ஊழியர், சாது. ஆனால் ஷெட்டில் சக ஊழியர்கள் பேசிய பேச்சைத் தாங்க மாட்டாமல், கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்திலுள்ள தம் அக்காள் பாப்பாத்தியிடம் போய் நின்றார். அவர் மகன் ஜடையன், மளிகைக் கடைக்காரர், வயது முப்பத்தாறு, மனைவியை இழந்தவர். "படிச்ச வரைக்கும் போதுமுங்க தம்பி, மொதல்ல ஊர் வாய அடைக்கோணும்" என்று நாத்தனார் சொல்லிவிட்டார். அவருக்கு மேதாவைக் கட்டிவைக்க இம்மாதம் 29ஆம் தேதி முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. மேதா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தேர்வு 26ஆம் தேதி தொடங்குகிறது. அவள் தேர்வு எழுதினால் கல்யாணத்தை நிறுத்தி வைப்பதாக என் கணவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். எழுத முடியாவிட்டால் அவரைத் தடுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

9. நிலையத்துக்கு நான்கு முறை போனேன். "நீங்களே கையெழுத்துப் போட்டுட்டு நீங்களே இல்லைன்னா எப்படிம்மா?" என்று எழுத்தர் கேட்கிறார். பதிவேட்டைத் திறந்து அந்த ஒரு வரியைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அது, கைப்பற்றிய பொருட்களை வைக்கும் சொத்து அறையில் சீல் வைத்திருக்கிறது என்றார். கல்லூரியில், போலீஸ் திருத்தினால் நாங்களும் யோசிப்போம் என்கிறார்கள். நிலையத்தில், நாங்கள் வழக்கே போடவில்லை, கல்லூரி செய்ததற்கு எங்களை ஏன் கேட்கிறாய் என்கிறார்கள். வழக்கு இல்லை என்பது உண்மைதான். படம் பார்த்த இளைஞர்கள்மீதும் வழக்கு இல்லை. ஏழு பேரில் தண்டனை அனுபவிப்பவள் என் மகள் ஒருத்தி மட்டுமே. எழுதும்போது நேர்ந்தது கைத்தவறு என்று விட்டாலும், திருத்த மறுப்பதை நான் கைத்தவறு என்று விடத் தயாரில்லை.

10. என்னிடம் சொல்ல வேண்டியதை மேதா இப்போது துண்டுச் சீட்டில் கன்னடத்தில் எழுதித் தையல் மெஷின்மேல் வைத்துவிடுகிறாள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தே வைக்கிறாள். எவரிடமும் கொடுத்து வாசிக்கக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மார்க்கெட்டில் ஒன்றாம் வகுப்புக் கன்னடப் புத்தகம் வாங்கி, இருபது நாட்களாக எழுத்துக் கூட்டப் படிக்கிறேன். சென்ற வியாழக்கிழமை ஒரு சீட்டை முழுவதும் நானே வாசித்தேன். 'நன்ன புஸ்தககளன்னு மாரிபிடு' என்று இருந்தது. என் புத்தகங்களை விற்றுவிடு என்று அர்த்தம். வாழ்நாளில் நான் சொந்தமாக வாசித்த முதல் கன்னட வாக்கியம் அது. நான் விற்கவில்லை.

11. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து, சீல் வைத்த பதிவேட்டை வரவழைத்து 20.2.1999 தேதியில் என் மகள் பெயருக்கு நேரே உள்ள வரியைத் தாங்களே வாசித்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒரே ஒரு வரிதான். வாசிக்கத் தெரியாதவளிடம் பெறப்பட்டது என்று என் வாக்குமூலத்தில் குறிப்பு எழுதி அச்சொல்லைத் திருத்தவும், அதைக் கல்லூரிக்குத் தெரிவித்து 22ஆம் தேதிக்குள் ஹால் டிக்கெட் கிடைக்கச் செய்யவும் உத்தரவிட வேண்டுகிறேன். பதினான்கு தாள்களையும் திருப்பித் தர வேண்டும். தெரியாமல் கையெழுத்துப் போட்டது குற்றமானால் அதற்குரிய நடவடிக்கையை என்மீது எடுங்கள். அவளைத் தேர்வு எழுத விடுங்கள். தங்கள் பதில் கன்னடத்தில் வந்தாலும் நான் வாசித்துக்கொள்வேன்.

இடம்: மைசூர்
நாள்: 12.4.1999

இப்படிக்கு,
நா. சுலோசனா
(தமிழிலும் கன்னடத்திலும் கையொப்பமிட்டுள்ளேன்)

குறிப்பு: கன்னடப் பிரதியின் ஐந்தாம் பத்தியில் அந்த இரண்டு சொற்களையும் பிரதிபாவை எழுத விடாமல் நானே என் கையால் எழுதினேன். நேற்று மாலை பிரதியை மெஷின்மேல் வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தபோது 'லிங்க' என்ற சொல்லில் பென்சில் திருத்தம் இருந்தது. முதலெழுத்துக்கு நானும் 'லை' என்றே சுழி போட்டிருக்கிறேன். எழுத்தர் செய்த அதே தவறு. திருத்தியது என் மகளின் கையெழுத்து. அடித்தல் திருத்தல் உள்ள மனு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அவள் திருத்தியதை ரப்பரால் அழிக்க எனக்கு மனம் வராததால் அப்படியே சமர்ப்பிக்கிறேன். அந்தச் சொல்லைச் சரிசெய்ய அவளுக்கு ஒரு பென்சில்தான் தேவைப்பட்டது. நிலையத்துக்கு ஐம்பத்தொரு நாள் போதவில்லை.