ஜெசிந்தாவின் ஆல்ஃபாவில் பிழை இல்லை

என் அன்பு ஜெசி,

நேற்று உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். நீ போய் ஒன்பது மாதம் கழித்து. உன் சாவுக்கு வந்தவள் பட்டினப்பாக்கத்தில் உங்கள் தெருமுனையிலேயே நின்று திரும்பிவிட்டேன். உன் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏன் என்பதை உன்னிடமே நான் சொன்னதில்லையே.

மூன்று வருடம் முன்பு, அடையாறு ஆய்வகத்தில் நான் ஐந்தாம் வருடம், நீ இரண்டாம் வருடம். இருவருக்கும் ஒரே புரதம்: ஜி புரதத்தின் ஆல்ஃபா துணையலகு. ஒரு ஹார்மோன் செல்லின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பியைத் தொட்டால், அந்தச் சேதியை உள்ளே கொண்டுபோவது இதுதான். ஆல்ஃபாவுக்கு இரண்டு பகுதிகள், நடுவில் ஒரு பிளவு. அதில் GDP என்ற, இரண்டு பாஸ்பேட் கொண்ட மூலக்கூறு உட்கார்ந்திருக்கும்வரை பீட்டா, காமா என்ற கூட்டாளிகளோடு சும்மா கிடக்கும். ஏற்பி உசுப்பினால் பிளவு திறக்கும். பழையது வெளியேற, மூன்று பாஸ்பேட் கொண்ட GTP வந்து உட்காரும். உடனே ஆல்ஃபா கூட்டாளிகளை விட்டு விலகிப் போய் அடுத்த நொதியை வேலை செய்யவைக்கும். பிறகு அந்த மூன்றில் ஒன்றைத் தானே வெட்டிவிட்டு அடங்கும்.

"யக்கா, ரெண்டுமே தமிழ்ல எய்தினா ஜிடிபின்னுதான் வருது. எங்கம்மாவுக்கு நான் இன்னான்னு சொல்லிப் புரியவைக்கிறது?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? எவ்வளவு சிரித்தோம்!

பிளவை மூடியிருக்கும் சுருள் பகுதி வெறும் மூடிதான், அதில் என்ன மாற்றினாலும் ஒன்றும் ஆகாது என்பது என் ஆய்வேட்டின் அடிப்படை. நீ அந்த மூடியில், பிளவுக்கு வெகுதூரத்தில், ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினாய். ஏற்பி இல்லாமலே பழையது நழுவி வெளியே போனது, புதியது ஏறியது. யாரும் கூப்பிடாமலே புரதம் விழித்துக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை ஆய்வகத்தில் நான் தனியாக இருந்தேன். உன் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். புரதத்தை நானே புதிதாகத் தயாரித்து, மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் வரைபடத்தில் உன் கோடு போலவே என் கோடும் மேலே ஏறியது. நோட்டில் எழுதி மூடிவைத்தேன்.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் நம் வழிகாட்டி சார் உன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "டியூபை மாத்திட்டே. இதுகூடத் தெரியலையா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வசந்தி, நீ பண்ணிப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். சந்தேகத்தோடு பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்கா பண்ணிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற பார்வை அது. இரண்டு மாதத்தில் நீ ஆய்வையே விட்டுவிட்டுப் பெருங்குடியில் வேலைக்குப் போய்விட்டாய். எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது, அதே ஆய்வகத்தில் வேலையும் கிடைத்தது.

ஒருமுறை மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் என் கையைப் பிடித்து, "நல்லா கீறியாக்கா?" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரயில் வந்ததைச் சாக்காக வைத்து ஏறிவிட்டேன். அடுத்த ரயிலில் போனால் என்ன குறைந்திருக்கும்?

நேற்று அம்மா மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வசந்தியா? உன் பேர சொல்லிக்கினே இருக்கும் கண்ணு. நாந்தாம்மா தப்பு பண்ட்டேன், அக்கா இன்னா பண்ணும், அப்டீன்னு சொல்லும். காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தப்பகூட டியூப்பு, டியூப்புன்னு பொலம்புச்சு."

நீயே நம்பிவிட்டாயா ஜெசி? உன் கையை நீயே சந்தேகப்பட்டுக்கொண்டா போனாய்?

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அவ தப்பே பண்ணலம்மா. அவ சொன்னதுதான் சரி. எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். சனிக்கிழமையையும் திங்கள்கிழமையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அம்மா கூடையைக் கவிழ்த்துவைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "இத்த அதாண்ட சொல்லிருக்கலாமே கண்ணு?"

 மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், "உங்க ஆபீசுல எல்லாருக்கும் அது தப்பு பண்ணுச்சுன்னுதானே நெனப்பு? போய் சொல்லு" என்றார்.

இன்று காலை சாரிடம் நோட்டைக் காட்டினேன். பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் தீசிஸ் என்ன ஆகும், யோசிச்சியா?" என்றார். "மூணு வருஷமா அது ஒண்ணத்தான் சார் யோசிச்சேன்" என்றேன்.

வரும் திங்கள்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்வேன். உன் கோட்டையும் என் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முதலில் வந்தது, எது ஒளித்துவைக்கப்பட்டது என்று சொல்வேன். கட்டுரை வந்தால் உன் பெயர் முதலில் இருக்கும். என் ஆய்வேட்டில் பொய்த்துப்போன அத்தியாயத்தைத் திருத்தச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதுவேன். பட்டம் போனால் போகட்டும். கட்டுரை அச்சானதும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உன் பெயர் இருக்கும் இடத்தில் அவர் விரலை வைத்துக் காட்டுவேன்.

நீ அப்படிக் கூப்பிட்டாய் என்பதைத் தவிர வேறெந்த உரிமையும் இல்லாத,
உன் அக்கா
வசந்தி