சினியோராவின் மலையும் என் சீதன வீடும்

பலெர்மோ,
கார்த்திகை 2014

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த மழைக்கு உங்கள் முழங்கால் எப்படி? மாதா காவலில் நான் சுகம்.

நான் பராமரிக்கிற வயதான வீட்டுக்காரி, சினியோரா ஐல்சா, ஸ்கொட்லாந்துக்காரி. இத்தாலிக்காரரைக் கலியாணம் கட்டி இங்கே வந்தவர். அவரின் பூட்டன் அங்கே ஒரு மலையும் ஆறும் கல்வீடும் வாங்கினாராம். அஞ்சு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில். சூப் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கதைதான்: எந்தச் சுவரில் மான்கொம்பு, எந்தப் படியில் பனி வழுக்கும் என்று.

போன கிழமை ஒரு விசர்க் கேள்வி கேட்டுவிட்டேன். “அப்ப அந்த வீட்டை உங்களுக்குச் சீதனமாத் தரேல்லையோ?”

வீடென்றால் மகளுக்குத்தானே என்ற நினைப்பு எனக்கு.

“எல்லாம் மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான். இப்ப அண்ணன்ரை மகன் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுறான். நான் போனாலும் விருந்தாளிதான்” என்று கரண்டியைத் தள்ளிவிட்டார். பயப்பிடாதேங்கோ, என்னோடு கோபமில்லை. பிறகு சூப்பைக் குடித்தார்.

“உனக்கு வீடு இருக்கோ?” என்று கேட்டார்.

“ஓம், அம்மா இருக்கிற வீடு என்ரைதான்.”

சொன்னபிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த வீட்டைத் தம்பி விமலராஜுக்கு எழுதிக் கொடுப்போமா என்று நீங்கள் ஃபோனில் கேட்க, நான் யோசிக்காமல் ஓம் என்றேன் அல்லவா? அதைக் கொஞ்சம் பொறுங்கோ. தம்பி குடும்பம் அங்கேயே இருக்கட்டும், ஒருவரும் வீட்டைவிட்டு எழும்ப வேண்டாம்.

றோசமலர் அக்கா இங்கே வரும்போது கூழ் காய்ச்ச ஒடியல்மா கொடுத்துவிடுங்கோ. நான் நின்று சமைத்த குசினியின் யன்னலை ஒரு படமெடுத்தும் அனுப்புங்கோ.

சினியோரா கூப்பிடுகிறார், ஓடவேண்டும். அம்மா, ஊருக்கு வந்தால் நான் விருந்தாளியாக வரக்கூடாது.

உங்கள் மகள்,
அனிற்றா