அண்ணா வீட்டுச் சுவர்

2001, மார்ச் 9, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது.

ஆபீஸில் ஒரு ஷோரூம் வரைபடம். முன்புறம் முழுக்கக் கண்ணாடி. மேற்கு வெயில் நேரே விழும் சார் என்றேன். "அதினல்லே ஏசி" என்றார் முதலாளி, அதற்குத்தானே ஏசி என்று.

பதினாறு வருஷமாகப் பிறத்தியார் சொன்னபடி வீடு வரைகிறேன். என் மனசுப்படி கட்டியது ஒன்றே ஒன்று, வட்டியூர்க்காவில் அண்ணாவின் வீடு. நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கிய செங்கல் சுவர். வெயில் உள்ளே இறங்காது. கூடத்தின் மேற்குச் சுவரில் வரிசையாகத் துளைகள், கடற்காற்று அதன் வழியே வரும். ஆற்றைச் சுரண்டி எடுக்கும் மணல் வேண்டாமென்று உள்ளும் புறமும் பூசவில்லை. போன சித்திரையில் பகலில் ஃபேனே போடவில்லை என்று மன்னி சொன்னாள்.

ஞாயிறன்று காயத்ரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணாவுக்கு ஒரே பெண். வாங்க வேண்டியது: வாழைக்காய், கடலை மாவு, பிச்சிப்பூ.

மார்ச் 11, ஞாயிறு

கரமனைக்காரர்கள். பையன் நல்ல மாதிரி. காயத்ரிக்குப் பிடித்துவிட்டது, முகமே சொல்லிற்று.

பையனின் அம்மா சுவரைத் தடவிப் பார்த்தாள். "பூச்சு வேலை இனிமேத்தான் நடக்கணுமாக்கும்?"

"இல்லை மாமி. இது முழுக்க முடிஞ்ச வீடுதான்."

"ஓ" என்றாள். அந்த ஓ!

காரில் ஏறும்போது கணவரிடம் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. "பாவம், பாதியில பைசா தீந்துபோச்சு போலிருக்கு."

அண்ணா சிரித்தமாதிரி நின்றான். என் பக்கம் திரும்பவில்லை. மிச்ச பஜ்ஜியை மன்னி எனக்குப் பொட்டலம் கட்டினாள்.

மார்ச் 15, வியாழன்

கரமனையிலிருந்து பதில் இல்லை. அண்ணா போனுக்கு வருவதில்லை. மன்னிதான் எடுக்கிறாள். "குளிச்சிண்டிருக்கார்." மூன்று தடவையும் குளியல்.

பல் வலி. கிராம்பு வாங்க மறந்தேன்.

மார்ச் 21, புதன்

மத்தியானம் ஆபீஸுக்குப் போன். தங்கராஜ், அண்ணா வீட்டுச் சுவரெல்லாம் எழுப்பிய கொத்தனார், களியக்காவிளைக்காரர்.

"அக்கா, ஒங்க அண்ணன் வீட்டப் பூசச் சொல்லுதாரு. ஓட்டையெல்லாம் கண்ணாடி வச்சு அடைக்கணுமாம். ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியாது என்று சொல்ல வெட்கம். அரைநாள் லீவு. ஆட்டோ.

முற்றத்தில் இரண்டு லாரி ஆற்று மணல். தங்கராஜ் சுவருக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். பூச்சு பிடிக்க வேண்டுமானால் முதலில் சுவரைக் கொத்தியாக வேண்டும். "ஒவ்வொரு கல்லா பாத்துப் பொறுக்கி வச்சது அக்கா. கொத்த மனசு வரல்ல."

அண்ணா வெளியே வந்தான்.

"காத்து நின்னுபோயிடும் அண்ணா" என்றேன்.

"ஏசி வெச்சுக்கறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீ சொன்னபடிதானே கட்டினேன்? ஒரு வருஷமா வரவா போறவா எல்லாரும் எப்போ முடியும்னு கேக்கறா. உனக்கு அதில பேரு. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, கேட்டியோ?"

கல்யாணமாகாதவளிடம் பெண்ணைப் பற்றிப் பேசினால் வாயடைத்துப்போவாள் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் உள்ளே போனதும் தங்கராஜ் எழுந்தார். "நான் செய்யலேன்னா வேற ஆளு செய்யும். கண்டபடி கொத்தி நாசமாக்கிருவானுவ."

"நீங்களே பூசுங்க" என்றேன். நானேதான் சொன்னேன்.

ஏப்ரல் 3, செவ்வாய்

வேலை முடிந்தது. பிஸ்தா பச்சை பெயின்ட். துளை இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாகக் கண்ணாடி. பக்கத்து வீட்டுக்காரர், "இப்போழாணு வீடாயது" என்றாராம், இப்போதுதான் வீடாயிற்று என்று. மன்னி இரண்டு தடவை சொன்னாள்.

கரமனையிலிருந்து சம்மதமும் வந்தாயிற்று. "பாத்தியா, பூசினதும் தகைஞ்சுடுத்து" என்றாள் மன்னி.

காயத்ரி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பையன் அவளோடு போனில் பேசினானாம்.

"அத்தை, அவா வந்துட்டுப் போன அன்னிக்கே சரின்னு முடிவு பண்ணிட்டாளாம். ஜோசியர் ஊர்ல இல்லையாம். அதான் இத்தனை நாள். அப்பாகிட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"கோவமா அத்தை?"

இல்லை என்றேன். பொய். அவளுக்குப் பட்டுப்புடவை நான் எடுத்துத் தருவதாகவும் சொன்னேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

நிச்சயதார்த்தம். கூடத்தில் அறுபது பேர். ஏசி இன்னும் வரவில்லை, அடுத்த மாசமாம். லக்னப் பத்திரிகை வாசிக்கும் நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போயிற்று.

வாத்தியார் மேல்துண்டால் விசிறிக்கொண்டே வாசித்தார். ஒரு குழந்தை விடாமல் அழுகை. பையனின் பாட்டிக்குத் தலைசுற்றல், வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கண்ணாடியை ஒருத்தர் தள்ளிப் பார்த்தார். திறக்கிற கண்ணாடி இல்லை.

பையனின் அப்பா சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "என்ன ஸ்வாமி, ஆத்துக்குள்ள காத்தே இல்லையே. பிளான் யாரு போட்டது?"

அண்ணா தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். துளைகளை அடைத்தது தான்தான் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். இருபத்திரண்டு வருஷம் முன்னால் என்னைப் படிக்கவைத்தே தீருவேன் என்று அப்பாவோடு சண்டை போட்டவன்.

"என் தங்கைதான்" என்றான். அவ்வளவுதான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம்" என்றேன். மோர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 24, செவ்வாய்

சாயங்காலம் மழை, ஆறுதலாக.

ஆபீஸுக்கு ஒரு அம்மாள் வந்தாள். ரிட்டயர்டு டீச்சர், தனியாள், சின்ன மனை. செங்கல் தெரிகிற மாதிரி, நல்ல காற்றோட்டமாக, மணலும் சிமென்டும் குறைவாக ஒரு வீடு வேண்டுமாம். என்னைத் தேடித்தான் வந்தாளாம்.

பூசிவிடலாம் டீச்சர், அதுதான் நல்லது என்றேன்.

முகம் வாடிப்போயிற்று. "சரி, உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள்.