கெட்டுப்போகாத ஃபிரிட்ஜ்

கையில் ஒட்டிய மாவைக்கூடத் துடைக்காமல் ஊரார் கதவையெல்லாம் தட்டிய என் ரோசி அக்காவுக்கு,

நீ கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. நெமிலிச்சேரியில் நம் தெரு அப்படியே இருக்கிறது. என் வாயும்தான். அதனால் வந்த வினையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உனக்குப் பிறகு, சபையில் ஜெபக் குறிப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் பிடித்த வேலை; ஊர்க்கதையைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது ஜெபம். போன மாதம் எதிர்வீட்டுப் பரிமளாவின் குடும்பத்துக்காக உருகி உருகி ஜெபித்து, அதை வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பினேன். "ஆண்டவரே, குமார் தம்பிக்கு அம்பத்தூர் கம்பெனியில வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சு. பொண்டாட்டியத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தினம் டிபன் பாக்ஸோட போயி ஸ்டேஷன்ல உக்காந்துகினு கீறாரு. நீர் பார்க்கிறீரே..."

கர்த்தர் பார்த்தாரோ இல்லையோ, தெருவே கேட்டது. சபைக் குழுவுக்குப் போக வேண்டியதைத் தெருக் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். அதில் பரிமளாவும் இருக்கிறாள், குமாரும் இருக்கிறார். நான் அழிப்பதற்குள் பிள்ளையார் கோயில் கமிட்டியே ஆமென் போட்டுவிட்டது.

மறுநாள் குமார் வெளியே வரவில்லை. நான் தட்டியபோது பரிமளாவின் கதவு திறக்கவில்லை. இத்தனை வருஷமாக என் வீட்டில் கறிவேப்பிலை பறித்தவள், கடையில் வாங்கிக்கொண்டு போனாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவளை இழந்துவிட்டேனோ?

அப்போதுதான் உன் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது. யார் வீட்டில் அடுப்பு தணிந்தாலும் உன் ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும். "பாழாப் போவுதுடி, நீ துன்னு ஒத்தாச பண்ணு" என்று சட்டியோடு நிற்பாய். என் வீட்டுக்காரர் கால் உடைந்து படுத்திருந்தபோது அது மூன்று மாதம் கெட்டுப்போயிருந்தது. மெக்கானிக்கை மாற்றச் சொல்லி நான் புத்தி வேறு சொன்னேன். உன் பிள்ளைகள் அதை எனக்குக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, தண்ணீரைப் பாறையாக்குகிறது.

மீன் குழம்போடு போய்ப் பரிமளாவின் கதவருகே நின்றேன். "பரிமளா, என் வாய மன்னிச்சுடும்மா. ஊர் முன்னாடி உங்க மானத்த வாங்கிட்டேன். அப்பால... ஃபிரிட்ஜ் வேற கெட்டுப்போச்சு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னாக்கா, ரோசிக்கா ஃபிரிட்ஜா?"

"ஆமா."

"அது என்னிக்குக் கெட்டுச்சு? தெருவுல உன்னத் தவிர எல்லாருக்கும் அப்பவே தெரியும்."

தெருவின் செய்தி நிலையம் நான். எனக்கே கடைசியாக வந்த செய்தி.

கதவு திறந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். குமார் குழம்பை ருசி பார்த்து, "ஜெபத்துல இருந்த காரம் இதுல இல்லியேக்கா" என்றார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

குமார் இப்போது வெள்ளானூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலைக்குப் போகிறார். இந்த முறை பரிமளாவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். இதுவரை படித்தவள், "நான் அழுதத எழுதிட்ட, நீ அழுதத ஏன் உட்டுட்ட?" என்றாள். சரி, நானும் அழுதேன்.

அக்கா, இனி முதலில் கதவைத் தட்டுவேன், அப்புறம்தான் கண்ணை மூடுவேன். உன் ஃபிரிட்ஜைப் பற்றிக் கவலைப்படாதே. வேண்டிய நேரத்தில் அது கெட்டுப்போகும்.

அதே தெருவிலிருந்து,
உன் வாயாடித் தங்கச்சி மேரி