மூன்று நாள் வைத்துப் பார்த்த கல்

விக்கிரமசிங்கபுரம்,
12.8.1993

அன்புள்ள அத்தானுக்கு,

ஆப்பிரிக்காவிலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய வைரத்தை, நம் வழக்கப்படி மூன்று நாள் சாமி அறையில் வைத்துப் பார்த்தோம். கெட்டது எதுவும் நடக்கவில்லை. "கல்லு நமக்கு ஒத்துக்கிட்டும்மா. மூக்குத்தி செய்யக் குடுத்திருவமா?" என்று மகள் கேட்கிறாள்.

இதைத் தோண்டியெடுத்த மூசா, தினம் இரண்டு குவளை அரிசிக்குக் குழியில் இறங்கியவர், மறுநாளே மண் சரிந்து இறந்தார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் மகளின் கல்யாண மண்டபம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குழிக்கு மேஸ்திரி நீங்கள்தான் என்று முந்தைய கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தீர்கள்.

கல் முதலில் இருந்தது மூசாவின் கையில். ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கே ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

மகளிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. மூசாவுக்கும் மகள் உண்டா, அத்தான்?

உங்கள் பதிலுக்காக மூக்குத்தியை நிறுத்தி வைத்திருக்கும்,
மனைவி