பள்ளிக் கம்பத்தில் காய்ந்த கருப்புத் திரை

காலையில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போன என் அய்யாவுக்கு,

நாளை மறுநாளோடு ஒரு வருடம் ஆகிறது. உங்களுக்கு எழுத்துத் தெரியாது. நான் நோட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "எறும்பு வரிசையாப் போற மாதிரி இருக்கு தாயி" என்பீர்கள். இப்போதும் எறும்பு வரிசைதான். ஆனால் இது நோட்டு இல்லை அய்யா. எங்கள் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகை. அரைப்பரீட்சை முடிந்து கிறிஸ்துமஸ் லீவு விடுவதற்கு முன்னால் நாங்களே எழுதி, படம் வரைந்து, தைத்து வைப்பது. ஒரே ஒரு பிரதிதான். என் எழுத்து நன்றாக இருக்கிறதாம், எல்லோருடைய கட்டுரையையும் என்னையே பிரதி எடுக்கச் சொல்லிவிட்டார் லூசியா சிஸ்டர்.

கடைசி நாலு பக்கம் எனக்கு. 'விடுமுறையின் பயன்' என்று எழுதச் சொன்னார். அதைத்தான் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார், பாவம். என் முதல் பக்கத்தின் பின்னால் சிநேகிதி மரகதத்தின் கோலாட்டக் கட்டுரை இருக்கிறது. இதைக் கிழித்தால் அவளுடையதும் போய்விடும். எனக்கு மனசு மாறினாலும் கிழிக்க முடியாதபடி வேண்டுமென்றேதான் இங்கே தொடங்கினேன். உங்கள் மகளின் தைரியம் அந்த லட்சணத்தில் இருக்கிறது.

பள்ளிக்கூடம் இப்போது பள்ளிக்கூடமாகவே இல்லை. விடுதிப் பிள்ளைகள், எல்லாம் கடல் பார்க்காத காட்டு ஊர்களில் வயல் வேலை செய்கிற குடும்பங்கள், பொழுதெல்லாம் கோலாட்டக் கழியைத் தட்டித் தட்டி எங்கள் காதைப் பிளக்கிறார்கள். ஆறாம் வகுப்புச் சின்னதுகள் சவுக்கிலையும் சங்கும் பொறுக்கி வந்து குடில் கட்டுகின்றன. குடிலுக்குப் போட்ட வைக்கோலை நேற்று ஒரு ஆடு புகுந்து தின்றுவிட்டது. சூசையப்பருக்குத் தேங்காய் நாரில் தாடி. அது பாதி வசனத்தில் கழன்று விழுந்து, மாதாவே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நீங்கள் இருந்தால் ஒத்திகைக்கே வந்து பின்னால் நின்றிருப்பீர்கள். நாளைக்குச் சாயங்காலம் விழா.

முந்தாநாள்தான் சிஸ்டர் சொன்னார்: "போன வருசம் நாடகம் நின்னு போச்சே, அதுக்குச் சாயம் போட்ட கருப்புத் திரை சாமான் அறையில இருக்கும். எடுத்துட்டு வாங்க. பெத்லகேம் ராத்திரிக்கு அது போதும்."

"அதை எலி கடிச்சுருச்சு சிஸ்டர்" என்றேன். அவர் தானே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "என்ன பிலோமினா, முழுசா நல்லாத்தானே இருக்கு?" என்றார். சின்னப் பிள்ளைகள் இப்போது அதில் வெள்ளித்தாள் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான் அதைப் பார்க்க மாட்டாமல் வெளியே ஓடிவந்துவிட்டேன்.

அந்தத் திரை உங்களுடைய பழைய பாய்தான், அய்யா. வள்ளத்திலிருந்து கழற்றிய கிழிந்த பாய். நான் கேட்டவுடன், "சாமி காரியத்துக்குத்தான போவுது, கொண்டு போ" என்று பாதியை அறுத்து நீங்களே மடித்துக் கொடுத்தீர்கள். இராமநாதபுரத்திலிருந்து சாயப்பொடி வரவழைத்து அண்டாவில் முக்கியெடுத்தோம். ஒரு வாரம் கையெல்லாம் கரியாக அலைந்தேன். நீங்கள்கூட, "சோத்தத் தொடாத, சோறும் கருத்துப் போகும்" என்று கேலி செய்தீர்கள்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் அனலாய்க் கொதித்தேன். நாலாம் நாள் விடிகாலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். "விட்டுருக்கு. ஆனா இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேணாம். பேசாமப் படுத்துக் கெட" என்றீர்கள். "சரிய்யா" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். நீங்கள் அந்தப்பக்கம் போனதும் எழுந்து முகம் கழுவிவிட்டேன். அம்மா கத்தினாள். நான்தான் நாடகத்தில் தேவதூதன், நான் இல்லாமல் எப்படி ஒத்திகை நடக்கும்? அன்றைக்கு அது எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது.

திரை அன்றைக்கும் காயவில்லை. மழை மாதம், மணலெல்லாம் ஈரம். சாயங்காலத்துக்குள் காய்ந்தாக வேண்டும். நான்தான் சொன்னேன்: "மரகதம், கொடிக் கம்பம் சும்மாதானே நிக்குது, கயித்துல கட்டி மேல ஏத்துவமா? வாடைக் காத்துல ஒரு நாழியில காஞ்சுரும்." மரகதம் காட்டு ஊர்ப் பெண். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தாள். இரண்டு பேருமாக இழுத்து உச்சிக்கு ஏற்றினோம்.

உங்களுக்குத் தெரியாததில்லை. இதை வாசிக்கப்போகும் விடுதிப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் கரையில் கோயிலுக்கு முன்னால் ஒரு கொடிமரம் உண்டு. ஊரில் சாவு விழுந்தால் அதில் கருப்புத் துணி ஏறும். அதைக் கண்டால் கடலில் இருக்கிறவர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரைக்கு வர வேண்டும். யார் வீட்டில் என்று அந்தத் துணி சொல்லாது. கரையைத் தொடும் வரைக்கும் ஒவ்வொருவரும் தன் வீடுதான் என்று நினைத்துக்கொண்டே வருவார்கள்.

இது எனக்கும் தெரியும். கடற்கரையில் பிறந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் கொடிமரம் கரையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கம்பம் பின்னால் மணல் மேட்டில் இருக்கிறது. நடுவில் இருநூறு எட்டு வைத்து நடக்க வேண்டும். இது வேறு, அது வேறு என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் அய்யா. கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்டுகள் பார்த்திருந்தாலும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எதையோ உலர்த்துகிறார்கள் என்றுதான் இருந்திருப்பார்கள்.

காய்ந்ததும் இறக்கி மடித்து வைத்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் கரையில் ஒரே கூச்சல். வள்ளங்கள் எல்லாம் அடித்துப் பிடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தன. உங்கள் வள்ளம் மட்டும் வரவில்லை.

அந்தோணி சித்தப்பா உங்களோடு இருந்தாரே, அவர் சொல்லித்தான் தெரியும். கருப்பைக் கண்டதும் நீங்கள் வலையை அறுத்துவிட்டீர்களாம். பார் என்கிற அந்தக் கல்திட்டைச் சுற்றி, ஆழமான வாய்க்கால் வழியே வரப் பொறுமையில்லை. நீர் வற்றியிருந்த நேரம், பாரின் மேலேயே பாயை விரித்து ஓட்டினீர்களாம். "அண்ணே, கல்லு இருக்குண்ணே, வேணாம்ணே" என்று சித்தப்பா கத்தியிருக்கிறார். "எம்புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுடா, எம்புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்பதைத் தவிர உங்கள் வாயிலிருந்து வேறு சொல்லே வரவில்லையாம். கல்லில் மோதிப் பாய்மரம் முறிந்து உங்கள் தலையில் விழுந்தது.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. விட்டுப்போன காய்ச்சலுக்கு யாராவது சாவார்களா? தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே போனீர்கள்? ஊரில் எத்தனை கிழடுகள் இழுத்துக்கொண்டு கிடந்தன. அதில் ஒன்று என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

ஊர் சவரிமுத்து மாமாவைப் பிடித்துக்கொண்டது. கோயில் மணியும் கொடிமரமும் அவர் பொறுப்பு. எப்போதாவது குடிப்பார். ஊரில் சாவு இல்லை, ஆனால் கடலிலிருந்து வந்த அத்தனை பேரும் கருப்பைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் குடித்துவிட்டு இவர்தான் ஏற்றி இறக்கியிருக்கிறார் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு கட்டினார்கள். மணிக்கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். அம்மா அவரைக் கண்டால் மண்ணை வாரித் தூற்றுகிறாள். "எம்புருசனைத் தின்னவனே, நீ நல்லாருப்பியா" என்பாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்தது. உங்களைக் குழியில் இறக்கிய மறுநாளே போய் அந்த இருநூறு எட்டையும் எண்ணினேன். இவ்வளவு தூரத்தை யாராவது மாற்றிப் பார்ப்பார்களா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தரை மாதம் அப்படிச் சொல்லியே சோறு தின்றேன், தூங்கினேன், கணக்கில் முதல் மார்க்கும் வாங்கினேன்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், அந்தப் பாரில் பூப் போட வேண்டும் என்று சித்தப்பாவிடம் அழுதேன். பெண்ணைக் கடலுக்குக் கூட்டிப் போகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. "யாருகிட்டயும் சொல்லாத" என்று கூட்டிப் போனார். பூவைப் போட்டுவிட்டுத் திரும்பிக் கரையைப் பார்த்தேன். பதினாறு வருடம் அந்தக் கரையிலேயே கிடந்தவள், அதைக் கடலிலிருந்து பார்த்தது அன்றுதான்.

"சித்தப்பா, பள்ளிக்கூடத்துக் கம்பம் எங்க?"

"கொடிமரத்துக்குப் பின்னாடியே ஒளிஞ்சு நிக்கும். இங்கனருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஏன் கேக்குற?"

இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன அய்யா. கோயிலுக்கு முன்னால் ஒரே ஒரு மரம், அவ்வளவுதான். வள்ளத்தின் ஓரத்தில் சாய்ந்து குடலே வெளியே வரும்படி வாந்தியெடுத்தேன். "பொம்பளப் புள்ள, கடல் ஒத்துக்கல" என்று சித்தப்பா முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கடலுக்குப் போகிற ஆண்களுக்கு இரண்டு கம்பமும் ஒன்றாகத் தெரியும் என்பது தெரியும், நாங்கள் துணி ஏற்றியது தெரியாது. கரையில் இருந்த எங்களுக்குத் துணி தெரியும், கடலிலிருந்து கரை எப்படித் தெரியும் என்பது தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதற்குப் பிறகும் ஒன்றரை மாதம் வாயைத் திறக்கவில்லை. பயம் அய்யா. அம்மா என் முகத்தைப் பார்த்துத்தான் எழுந்து நடமாடுகிறாள். இது தெரிந்தால் அந்த முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்? உங்களையும் இழந்து என்னையும் இழந்து அவள் எங்கே போவாள்? சொல்லாமலே செத்துப்போய்விடலாமா என்றுகூடக் கிணற்றடியில் நின்று யோசித்தேன்.

நேற்று அதே கிணற்றடியில் சவரிமுத்து மாமா வந்து நின்றார். குடித்திருக்கவில்லை.

"தாயி, நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு. அன்னைக்குக் கொஞ்சம் குடிச்சிருந்தேன், இல்லைங்கல. ஆனா கொடி ஏத்துன ஞாபகமே இல்ல. இம்புட்டுப் பேரு சொல்றாக. நாந்தான் ஏத்திட்டேனோ? எங்கை ஏத்திட்டு எம்புத்தி மறந்துருச்சோ?"

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"நானாத்தான் இருக்கும் தாயி. சாமியார்கிட்டச் சொல்லிட்டேன். ஒங்கய்யா வருசப் பூசையில, ஊரு முன்னாடி, ஒங்கம்மா கால்ல முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டுட்டு, தொண்டியில மக வீட்டுக்குப் போயிர்றேன். இனி இந்தக் கரையில மொகத்த வச்சுக்கிட்டு இருக்க முடியாது."

ஓடிவந்துவிட்டேன். குடத்தைக்கூட எடுக்கவில்லை. செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒரு மனிதர் நம்பும்படி ஆக்கிவிட்டேன் அய்யா. அவர்தான் பிறகு குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டினாள்.

இப்போது மத்தியானம். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, பூசைக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்ற அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். சற்று முன் எட்டிப் பார்த்து, "என்ன தாயி, லீவு விடப்போற நேரத்துல இம்புட்டு எழுத்து?" என்றாள். "அய்யாவப் பத்தி" என்றேன். சொளகைக் கீழே வைத்தாள். "முடிச்சுட்டு எனக்கு வாசிச்சுக் காட்டு. நானும் கேக்கணும்" என்றாள்.

நாளைக்கு இந்தப் பத்திரிகை குடிலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கும். எழுத்துத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள், எப்போதும் அப்படித்தான். மேடையில் அந்தக் கருப்புத் திரையும் தொங்கும். லூசியா சிஸ்டருக்கும் இதை வாசித்த பிறகுதான் தெரியும். மரகதம் மேல் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அவள் கயிறு பிடித்தாள், அவ்வளவுதான். ஏற்றச் சொன்னவள் நான்.

மை காய்ந்தவுடன் முற்றத்துக்குப் போவேன். ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசிப்பேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன். என் மேலும் மண்ணை வாரித் தூற்றினால் துடைத்துக்கொள்ள மாட்டேன். அப்புறம் நேரே சவரிமுத்து மாமா வீட்டுக்குப் போய், "மாமா, ஒங்க ஞாபகம் சரிதான்" என்று சொல்லுவேன். வருசப் பூசையில் ஊர் முன்னால் முழங்காலில் நிற்கப்போவது அவர் இல்லை, நான். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு அய்யா. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு "சரிய்யா" என்றேனே, அந்த மாதிரி இல்லை இது.

இப்படிக்கு,
அன்றைக்கு உடம்புக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்த உங்கள் மகள்,
பிலோமி