மூணு பேர் மட்டும்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே மேகம். மலைப் பக்கமிருந்து சாரல் காற்று. துணி காயாது என்று தெரிந்தும் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன். நிம்மதியாகப் போன் பேச மாடிதான்.

ஜெயா கூப்பிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். மகன் பெங்களூருக்கே வந்துவிடச் சொல்கிறான். மருமகளுக்கு ஏழாம் மாதம். இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறாள். இனி ஏதாவது கல்யாணம் காட்சி என்று வந்தால்தான் உண்டு.

“போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வரணும்ட்டி. நீ, நான், தனா. மூணு பேர் மட்டும். புருஷன் கிடையாது, புள்ள கிடையாது.”

அவள் புருஷன் இறந்து நாலு வருஷம். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. “எனக்கு அந்தத் தொந்தரவே இல்ல பாரு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், பயந்துகொண்டே.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மூவரும் ஒரே பெஞ்ச். பத்தாவதில் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனார்கள். என்னை மட்டும் வீட்டில் விடவில்லை. ஒரு தடவைகூட மூவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. இப்போது வயது நாற்பத்தாறு.

உடனே சரி என்றுவிட்டேன். யோசிக்கவே இல்லை.

கீழே வந்ததும் அவர்: “யாரு போன்ல?”

“ஜெயா.”

“இருபது நிமிஷமாவா?”

ஜூன் 4, புதன்

கோயிலுக்கு என்று சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பொய் இல்லை. ஆண்டாளைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் ஜெயா வீட்டுக்குப் போனேன். தனாவும் வந்திருந்தாள். வீடு பாதி காலி. பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக. பால்கோவாவை இலையோடு நடுவில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டோம்.

முதல் நாள்: காலை ரயில், செங்கோட்டை வரை. அங்கிருந்து மலை வழியாகக் கொல்லம் போகிற ரயில். பதிமூன்று கண் பாலம். ஜன்னல் சீட் ஜெயாவுக்கு. கொல்லத்தில் மீன் சாப்பாடு. கடற்கரை. மூவருக்கும் ஒரே ரூம்.

இரண்டாம் நாள்: கடைவீதி. கசவு வைத்த கேரளா சேலை, மூவருக்கும் ஒரே மாதிரி. நேந்திரங்காய் சிப்ஸ். திரும்பும்போது குற்றாலம், குளியல், பார்டர் பரோட்டா. சிப்ஸ் கடைசியில் வாங்கினால் போதும், இல்லாவிட்டால் தனா ரயிலிலேயே தின்றுவிடுவாள்.

போகிற நாள் 16, திங்கள்.

தனா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். புருஷனிடம் தமிழில் கேட்டால் மறுப்பாராம், தெலுங்கில் கேட்டால் சரி என்பாராம். “கெஞ்சுறதுக்குத் தெலுங்குதான் வேலைக்கு ஆகும்” என்றாள். ஜெயாவுக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

அப்போது போன். அவர்.

“அரை மணி நேரமா வடக்கு ரத வீதிப் பக்கமே காட்டுது? கோயிலுக்குத்தான போன?”

என் போனில் லொகேஷன் வைத்துக் கொடுத்தது அவர்தான். பாதுகாப்புக்காம். “ஜெயா வீட்டுல செத்த நேரம் உக்காந்திருக்கேன்ங்க” என்றேன். குரல் எப்படிச் சின்னதாகிவிட்டது! இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் பால்கோவாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 6, வெள்ளி

இன்னும் கேட்கவில்லை. இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை ஷூவுக்குப் பாலிஷ். எங்கேயும் போகாத ஷூவுக்குத் தினமும் பாலிஷ்.

இருபத்தெட்டு வருஷம் பட்டாளம். வருஷத்துக்கு ஒரு லீவு, இரண்டு லீவு. இந்த வீட்டை நான் நின்று கட்டினேன். கொத்தனாரோடு நான்தான் சண்டை போட்டேன். மகள் கவிக்கு டெங்கு வந்து மதுரைக்கு ஆம்புலன்ஸில் போனபோது நான் மட்டும்தான். தளவாய்புரத்தில் நைட்டி கம்பெனியில் சூப்பர்வைசராகப் பதினொரு வருஷம். காலை பஸ், சாயந்தரம் பஸ். எங்கே இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

போன வருஷம் மார்ச்சில் ரிட்டயர் ஆகி வந்தார். மாலை, சால்வை, தெருவே வந்தது. ஒரு வாரம் கழித்து: “இனி எதுக்கு நீ கஷ்டப்படணும்? நான்தான் வந்துட்டேன்ல.” வேலையை விட்டேன். அப்போது அது ஆசையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் விட்டேன்.

அவர் அடித்ததில்லை, திட்டியதில்லை, குடிப்பதில்லை. காய் நறுக்கித் தருகிறார். அதனால் யாரிடமும் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஜூன் 7, சனி

கேட்டுவிட்டேன். காப்பி கொடுத்ததும்.

முழுதாகக் கேட்டார். தம்ளரைக் கீழே வைத்தார். “சரி, போயிட்டு வரலாம்” என்றார்.

வரலாம்?

“மூணு பொம்பளைங்க தனியா எதுக்கு அலையணும்? வேன் பேசிருவோம். தனா வீட்டுக்காரர் வரட்டும், நானும் வாரேன். ரயில்ல இந்தக் கூட்டத்துல உங்களால முடியாது.”

நான் “இல்லங்க, ஜெயா என்ன நினைச்சான்னா” என்று ஆரம்பித்தேன். அதற்குள் டிரைவருக்குப் போன் போட்டுவிட்டார்.

சாயந்தரம் ஒரு வெள்ளைத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு:

4.30 எழுந்திருத்தல். 5.15 வேன். 7.30 டிபன். 8.15 முதல் அருவி, 40 நிமிடம். 9.15 இரண்டாவது அருவி. 12.45 சாப்பாடு. 2.00 கடை, 45 நிமிடம். 7.00 வீடு.

கொல்லம் இல்லை. “அம்புட்டுத் தூரம் எதுக்கு?” இரண்டு நாள் ஒரு நாளாகிவிட்டது. தாளை என்னிடம் நீட்டியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ரிட்டயர் ஆனதிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. “எப்படி?” என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

நல்லா இருக்கு என்றேன்!

ஜூன் 8, ஞாயிறு

கோழிக் குழம்பு. எண்ணெய் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

அவர் வாட்ஸப்பில் ‘குற்றாலம் டூர்’ என்று குரூப் ஆரம்பித்து எல்லோரையும் சேர்த்திருக்கிறார். அதில் அந்த அட்டவணையின் போட்டோ. தனா வீட்டுக்காரர் கட்டைவிரல் போட்டார். தனா ஒன்றும் போடவில்லை.

பதினோரு மணிக்கு ஜெயா குரூப்பிலிருந்து விலகிவிட்டாள்.

மாடிக்கு ஓடிப்போய்ப் போன் போட்டேன்.

“ஏட்டி சுப்பு, மூணு பேர் மட்டும்னு தானட்டி பேசுனோம்? இப்ப ரெண்டு ஜோடி, நான் ஒருத்தி. வேன்ல கடைசி சீட்டுல எல்லார் பையவும் மடில வச்சிட்டு வரவா? அவரு போனதுல இருந்து எல்லா விசேஷத்துக்கும் அப்படித்தான் போயிட்டு வாரேன். உங்க கூடவும் அப்படி வரணுமா?”

“நான் சொல்லலட்டி, அவராத்தான்...”

“நீ வேண்டாம்னும் சொல்லலல்ல.”

வைத்துவிட்டாள். காயாத துணியைப் பிழிந்து பிழிந்து மறுபடி போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு நாளாக ஜெயா போனை எடுக்கவில்லை. இன்று அவரிடம் சொன்னேன். வேன் வேண்டாம், அட்டவணை வேண்டாம், நாங்கள் மூன்று பேர் மட்டும் போகிறோம்.

கத்துவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். பதில் எல்லாம் வைத்திருந்தேன்.

அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு: “உனக்கு இந்த ஊர்ல நாப்பது பேரைத் தெரியும் சுப்பு. மளிகைக் கடைக்காரன்ல இருந்து கரண்ட் ஆபீஸ்காரன் வரைக்கும் உன்னை அக்காங்குதான். என்னை, சுப்பக்கா வீட்டுக்காரருங்குதான். எனக்கு யாரைத் தெரியும்? காலைல நடக்கப் போனா பேச ஆள் இல்ல. நீயும் போயிட்டா நான் அந்த ரெண்டு நாள் என்ன பண்ணுவேன்?”

சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நான் போயிருப்பேன். இப்போது எப்படிப் போவது? கதவைப் பூட்டி வைத்தால் உடைக்கலாம். இதை என்ன செய்ய?

கவிக்குப் போன் செய்தேன், கோயம்புத்தூரில் வேலைக்கு நடுவில். “அப்பா பாவம்மா” என்றாள். ஆமாம், பாவம்தான்.

ஜூன் 12, வியாழன்

ஜெயா எடுத்தாள். கோபம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. மருமகளுக்குப் பிரஷர் ஏறி, படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். மகன் நாளை ராத்திரி காரோடு வருகிறான். சனிக்கிழமை காலை கிளம்புகிறாள்.

ஆக 16 இல்லை. எதுவும் இல்லை.

“நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல?” என்றேன். என் வாய்தான் சொன்னது.

“சாமான் கட்டணும்ட்டி.”

“நான் வந்து சனிக்கிழமை விடிய முன்னாடி கட்டித் தாரேன். நாளைக்கு காலை ரயில்ல ஏறு. நான் ராஜபாளையத்துல ஏறிக்கிறேன்.”

தனாவால் முடியாது. நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறார். “நீங்க ரெண்டு பேரும் போங்க. எனக்கு போட்டோ அனுப்பாதீங்க, வயிறு எரியும்” என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

போய் வந்தேன். வரிசையாக எழுத வேண்டும்.

காலை எட்டு மணி. இட்லி ஹாட்பாக்ஸில், சாம்பார் அடுப்பில், மத்தியானச் சோறு குக்கரில். புடவை மாற்றிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

“ஜெயாவோட குற்றாலம் போறேன்ங்க. சாயந்தரம் வந்துருவேன்.”

“இன்னிக்கா? இரு, சட்டை போட்டுட்டு வாரேன்.”

“நீங்க வேண்டாம். நாங்க ரெண்டு பேர் மட்டும்.”

“ஸ்டேஷன்லயாவது விடுதேன்.”

“ஆட்டோ வந்துருச்சு.”

போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அதையே பார்த்தார். நான் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினேன். சொல்லிவிட்டுத்தான் வந்தேன், திருடவில்லை. ஆனாலும் சத்தமில்லாமல்தான் சாத்தினேன்.

ரயிலில் ஜெயா ஜன்னல் சீட்டை எனக்குப் போட்டு வைத்திருந்தாள். சங்கரன்கோவில் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அவளும் விட்டுவிட்டாள். பிறகு முறுக்கைப் பிரித்தாள்.

ஐந்தருவியில் பெண்கள் வரிசை ஒரு மணி நேரம். தண்ணீரில் நின்றது இரண்டு நிமிஷம். பெண் போலீஸ் விசில் ஊதி ஊதி விரட்டியது. மண்டையில் அடித்த அடியில் காது அடைத்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினோம். என்ன கத்தினோம் என்று எங்களுக்கே கேட்கவில்லை.

பரோட்டா, பெப்பர் சிக்கன். வெள்ளிக்கிழமை. எனக்குத் தயக்கம். ஜெயாவுக்கு இல்லை.

“ஆண்டாள் கோச்சுக்க மாட்டாட்டி. அவளும் நம்ம ஊரை விட்டுப் போனவதான்.” இரண்டு பரோட்டா பிய்த்துப் போட்ட பிறகு மெதுவாக: “அவ ஆசைப்பட்டுப் போனா. நான் புள்ள பார்க்கப் போறேன். அங்க எனக்கு எந்தத் தெரு தெரியும்? எட்டாவது மாடியாம். துணி காயப்போடக்கூட மாடிக்குப் போக முடியாதாம்.”

அவளும் மாட்டிக்கொண்டுதான் போகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தென்காசிக் கடையில் ஒரு நைட்டியைப் புரட்டி உள்தையலைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப்பக்கத் தையல்தான். கை அளவு சரியில்லை என்று கடைக்காரப் பெண்ணிடம் சொன்னேன். “சூப்பர்வைசரம்மா, வாங்க” என்று ஜெயா இழுத்துக்கொண்டு போனாள். கசவுச் சேலை கிடைக்கவில்லை. ஒரே நிறத்தில் மூன்று சுங்குடி எடுத்தோம்.

சாயந்தர ரயில். ராஜபாளையம் பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சில் அவர். நேராக உட்கார்ந்தபடி.

“மூணு மணில இருந்து இருக்கேன்” என்றார். அவ்வளவுதான். வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். தப்பி ஓடிப் பிடிபட்ட சிப்பாய் மாதிரி.

வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் போடவில்லை. “எந்த சுவிட்ச்சுன்னு தெரியல” என்றார். சோறும் அப்படியே. எனக்குச் சிரிப்பு வரவில்லை, இரக்கமும் வரவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இது மோட்டார். இது மேல்தொட்டி வால்வு. இது தெருக் குழாய்.

“இவ்வளவு இருக்கா” என்றார்.

“இது நான் கட்டுன வீடுங்க” என்றேன். சத்தமாகத்தான் வந்தது.

ஜூன் 14, சனி

இருட்டு பிரியும் முன் ஜெயா வீடு. அவரும் வந்தார். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. ஆனால் வந்தது நல்லது. பெட்டிகளை அவர் கட்டியதுபோல யாராலும் கட்ட முடியாது.

தனா நாத்தனாருக்குக் காப்பி போட்டுவிட்டு ஓடி வந்தாள். சுங்குடியைக் கொடுத்தோம். தோளில் போட்டுப் பார்த்தாள்.

கார் கதவைச் சாத்தும் முன் ஜெயா அவரிடம் சொன்னாள்: “அண்ணே, இவளைக் கொஞ்சம் வெளிய விடுங்க.”

“நான் எங்கம்மா புடிச்சு வச்சிருக்கேன்?” என்றார்.

பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். நாலு நாள் துணி மொத்தமும் காய்ந்தது.

டிபன் சாப்பிட்டுவிட்டு அவர் சட்டை மாற்றினார். வத்திராயிருப்பில் பட்டாளத்தில் கூட இருந்தவர் ஒருவர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறாராம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். என்னைக் கூப்பிடவில்லை. பாலிஷ் போட்ட ஷூவோடு கேட் வரை போய், திரும்பி என்னைப் பார்த்து நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று இருக்கலாம்.

எப்ப வருவீங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

போய்விட்டார். வீட்டில் நான் மட்டும். எங்கேயாவது போகலாம் என்று தலை வாரி, புடவை மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். ஜெயா இல்லை. தனா வீட்டில் விருந்தாளிகள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு இடமும் தோன்றவில்லை.